மிளகின் மணமும் கள்ளின் மணமும்

திராட்சையில் சிரா என்றொரு கருநிற வகை உண்டு. பிரான்சு நாட்டில் ரோன் ஆற்றின் வடபகுதியில், கோத் ரோத்தி, எர்மிதாஜ் முதலிய செங்குத்தான மலைச்சரிவுகளில் அது நெடுங்காலமாகப் பயிராகி வருகிறது. 1832ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பஸ்பி என்பார் ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டு சென்ற கொடித் துண்டுகளில் இதுவும் இருந்தது. அங்கே அதற்குச் சிராஸ் என்னும் பெயர் நிலைத்தது. பெயரொற்றுமையைக் கண்டு, பாரசீகத்துச் சிராஸ் நகரமே இக்கொடியின் தாயகம் எனக் கதை கட்டியோரும் உளர். 1998இல் கலிபோர்னியாவிலும் மோன்பெலியே நகரிலும் இருந்த ஆய்வாளர்கள் மரபணுவைச் சோதித்து, துரேசா, மோந்தேஸ் பிளான்ஷ் என்னும் இரண்டு பிரெஞ்சுக் கொடிகளுக்குப் பிறந்த பிள்ளையே சிரா என்று நிறுவினர். அழகான கதை ஒன்று அத்துடன் போயிற்று. சொல்லொலியை மட்டும் பிடித்துக்கொண்டு வேர் தேடும் நம் புலவர்கள் சிலருக்கு இச்செய்தியைக் காட்டவேண்டும்!

தமிழாசிரியர் கையில் சேரும் தொகுப்பில் மதுவைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். திருக்குறளின் 93ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமையை முப்பத்திரண்டு ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவன் நான். அதே வகுப்பில், அதியமான் தனக்குக் கள் ஈந்ததை ஒளவை நினைந்து அழும் கையறுநிலைப் பாட்டையும் நடத்தினேன். மாணவர் இரண்டையும் ஒருங்கே வைத்துக் கேள்வி கேட்பார்கள். காலம் வேறு, நோக்கம் வேறு என்று விடை சொல்லி அடுத்த பாட்டுக்குச் செல்வது ஆசிரியர் வழக்கம். நானும் அவ்வாறே செய்துவந்தேன்.

அம்மாணவருள் ஒருவர் இன்று கான்பரா நகரில் பொறியாளர். ஈப்போவுக்கு வந்தபோது, அவ்வூருக்கு அருகில் விளைந்தது என்று ஒரு சிரா புட்டியைக் கொணர்ந்தார். "ஐயா குடிக்கமாட்டீர்கள் என்பது தெரியும். முகர்ந்து மட்டும் பாருங்கள், இதில் என்ன மணம் என்று எனக்குச் சொல்லவேண்டும்" என்றார். தேர்வு வைத்தவனுக்கே தேர்வு!

கண்ணாடிக் குவளையில் இரண்டு விரற்கடை ஊற்றிச் சுழற்றிக் கொடுத்தார். நாவற்பழத்தின் நிறம். முகர்ந்த அளவில் எனக்கு ஐயமே எழவில்லை. அம்மியில் அப்போதுதான் தட்டிய மிளகு. அதன் பின்னால் ஊதாப்பூப் போன்ற ஏதோ ஒன்று, ஈர மண், இலேசாகப் புகை. ஆனால் முன்னே நின்றது மிளகுதான். அருகிலிருந்த நண்பர், அவரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மூன்று முறை முகர்ந்துவிட்டுப் பழவாடை தவிர வேறொன்றும் இல்லை என்று சாதித்தார். நான் ஒரு வாய் அருந்தினேன். நாக்கின் இருமருங்கும் புளிப்பு மெல்லக் கூசியது. மிளகு விழுங்கிய பின்னரும் தொண்டையில் நின்றது.

இது கற்பனையன்று. 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், சிரா மதுவின் மிளகு மணத்துக்குக் காரணமான பொருளைப் பிரித்துக் காட்டினார்கள். அதன் பெயர் ரொட்டண்டோன். நம் மிளகின் மணத்துக்கும் அதே பொருள்தான் காரணம். மதுவில் இருப்பதைவிட மிளகில் அது பன்மடங்கு மிகுதி. ஒரு லிட்டர் செம்மதுவில் ஒரு கிராமின் நூறு கோடியில் 16 பங்கு இருந்தாலே மூக்கு அறிந்துகொள்ளும். ஆயினும் அவ்வாய்வில் முகர்ந்தவர்களுள் ஐந்தில் ஒருவருக்கு எவ்வளவு கலந்தாலும் அம்மணம் தெரியவில்லை. நண்பர் அந்த ஐந்தில் ஒருவர் போலும்! இப்பொருளை முதன்முதல் அறிவியலார் கண்டது திராட்சையிலுமன்று, மிளகிலுமன்று, கோரைக்கிழங்கில். கோரையின் அறிவியற்பெயரிலுள்ள ரொட்டண்டஸ் என்னும் சொல்லிலிருந்தே ரொட்டண்டோன் பிறந்தது. நம் பாட்டிமார் குளியல்பொடிக்கு இடித்துச் சேர்த்தார்களே, அதே கோரைக்கிழங்குதான்.

குளிர்ந்த இடத்தில் விளையும் சிராவில்தான் இம்மணம் ஓங்கி நிற்கிறது. வெப்பம் மிகுந்த சமவெளியில் பழம் விரைந்து இனிப்பேறிவிடும், புளிப்பு குன்றும், நேர்வெயில் பட்ட குலைகளில் ரொட்டண்டோனும் குறையும். இரவுகள் குளிர்ந்தால் பழம் ஆறஅமரப் பழுக்கும், புளிப்பு காக்கப்படும், பறிக்கும் காலம் நெருங்க நெருங்கத் தோலில் மிளகு மணம் ஏறும். நம் ரப்பர் மரங்கள் ஆண்டுதொடக்கத்து வறட்சியில் இலையுதிர்த்து நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அந்நாள்களில் பால் வற்றும், பால்மரம் வெட்டுவோர் வருமானமும் வற்றும். திராட்சைக்கோ ஆண்டுதோறும் நெடிய குளிர்கால உறக்கம் வேண்டும். ஈப்போவில் அவ்வுறக்கம் அதற்குக் கிடைக்காது.

மிளகும் மதுவும் சேர்ந்தவுடன் தமிழாசிரியனின் மனம் முசிறிக்குப் போவதைத் தடுக்க முடியாது. யவனர் மரக்கலங்கள் பொன்னுடன் வந்து மிளகுடன் மீளும் காட்சியை அகநானூற்றின் 149ஆம் பாட்டில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் காட்டுகிறார். யவனர் நல்ல கலத்தில் கொணர்ந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் பருகியதை நக்கீரர் புறநானூற்றின் 56ஆம் பாட்டில் பாடுகிறார். 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடற்பகுதியின் மதுச்சாடித் துண்டுகள் வெளிப்பட்டன. மது கொடுத்து மிளகு வாங்கிய அவர்களுள் எவரேனும் இரண்டிலும் ஒரே மணம் ஒளிந்திருப்பதை உணர்ந்திருப்பரோ?

புட்டியின் மீதிருந்த பெயர் குளோனகில்லா. ஐரிஷ் மொழியில் 'தேவாலயத்துப் புல்வெளி' என்று பொருள். அயர்லாந்திலிருந்த பாட்டனார் பண்ணையின் பெயராம். அதை நிறுவிய ஜான் கர்க் உழவரல்லர். ஒளிச்சேர்க்கையை ஆராய்ந்த உயிர்வேதியியல் அறிஞர். கான்பராவில் அரசு ஆய்வு நிறுவனத்தில் பணியாற்ற வந்தவர், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்திலுள்ள மரம்பேட்மன் என்னும் ஊரில் ஆட்டு மேய்ச்சல் நிலம் வாங்கி, 1971இல் கொடி நட்டார். அக்குளிரில் நல்ல திராட்சை விளையுமா என்று ஐயுற்றவர் பலர். அவர் வெப்பநிலைக் கணக்கைப் பார்த்தார், விளையும் என்றார், 1976இல் முதல் மது வந்தது. வாரநாளில் ஆய்வுக்கூடம், ஓய்வுநாளில் தோட்டம் என்று பல்லாண்டு உழைத்தார்.

மகன் டிம் கர்க் மெல்பர்ன் நகரில் பள்ளி ஆசிரியர். 1991இல் அவர் ரோன் ஆற்றங்கரைக்குச் சென்று, கோத் ரோத்தியில் கிகால் குடும்பத்தாரின் நிலவறையில் பீப்பாய் மதுவைச் சுவைத்தார். அங்கே சிராவுடன் வியோன்யே என்னும் வெண்திராட்சையைச் சிறிதளவு சேர்த்து ஒன்றாக நொதிக்கவைப்பது மரபு. வெண்பழம் சேர்ந்தால் நிறம் வெளுக்குமென்று நாம் எண்ணுவோம். சேர்க்கும் அளவு சிறிதாயின், நிறம் உறுதிப்படுகிறது, மணமும் உயர்கிறது. ஊர் திரும்பித் தந்தையிடம் சொன்னார். 1992இல் அவ்வாறே செய்த மதுதான் அத்தோட்டத்தின் புகழுக்கு வித்து. சில ஆண்டுகளில் ஆசிரியப் பணியை விட்டுத் தோட்டத்துக்கே வந்துவிட்டார். நம் ஆசிரியர்கள் இதை முன்மாதிரியாகக் கொள்ளவேண்டாம், ஓய்வூதியம் முக்கியம்!

இவ்வளவும் கேட்டபோது என் நினைவு சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நான் பிறந்த தோட்டத்துக்குச் சென்றது. தொழிலாளர் லயங்களைக் கடந்து, ஓடைக்கு அப்பால், தகரக் கூரையிட்ட கள்ளுக்கடை. கடை நிர்வாகத்தின் பொறுப்பில் இருந்தது. அதன் இலாபத்தில் ஒரு பகுதி தொழிலாளர் நலனுக்கென ஒதுக்கப்படும். எங்கள் பள்ளிக்கூடத்து நீள்பலகைகள் அப்பணத்தில் வாங்கியவை என்று கிராணி ஒருவர் பெருமையாகச் சொல்வார். அப்பலகைகளில் அமர்ந்துதான் நான் அகரம் பயின்றேன். சம்பள நாளன்று அம்மா கடைக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதையில் என்னை நிறுத்திவைப்பார். நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும். அவ்வளவே என் வேலை. சில மாதம் வென்றேன்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதையும் கோரிக்கையாக வைத்தார்கள். குடிப்பவனே கடையை மூடு என்று கேட்ட வரலாறு அது. நம் இளைஞர் பாடநூலில் கற்கவேண்டிய பக்கம்; தலைவர் ஆர். எச். நாதனை அரசு நாடு கடத்தியது.

ஆனால் கள்ளுக்கும் சுவை இருந்தது. தென்னம்பாளையில் வடியும்போதே காற்றிலுள்ள நொதி அதில் இறங்கிவிடுகிறது. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் இனிப்பு நிற்கும். இல்லையேல் காலையில் இனிப்பு, நண்பகலில் துள்ளல், மாலையில் புளிப்பு, மறுநாள் காடி. சிரா பல ஆண்டுகளில் நடக்கும் வழியைக் கள் ஒரே நாளில் நடந்துவிடும். அப்பா கலயத்தை முகத்தருகே கொண்டுசென்று, "இது நேற்று இறக்கியது", "இதில் தண்ணீர் ஊற்றியிருக்கிறான்" என்று சொல்லிவிடுவார். ரப்பர்ப் பாலையும் விரலில் தொட்டுப் பார்த்து, மழைநீர் கலந்ததைக் கண்டுகொள்வார். நிறுவைக்கு முன்பே அவர் சொன்ன கணக்கு பெரும்பாலும் சரியாக இருக்கும். அத்தகைய நாவும் மூக்கும் உடையவர் ஐம்பத்தோராம் வயதில் ஈரல் கெட்டு மறைந்தார். கள்ளோடு நிற்கவில்லை, கடை மூடிய பின்னர்ச் சம்சு அருந்தினார்.

எங்கள் தோட்டத்துக் கள்ளை இறக்கிய மரமேறியின் பெயர் எனக்குத் தெரியாது, அப்பாவுக்கும் தெரிந்திருக்காது. தென்னையில் ஏறி நாள்தோறும் இருவேளை பாளை சீவியவர் அவர். எங்கள் ரப்பரும் அவ்வாறே. பேராக் ரப்பரின் வரலாறு 1877இல் கோலகங்சாரில் நட்ட கன்றுகளோடு தொடங்குகிறது. இன்றும் அங்கே ஒரு முதுமரத்தைக் காட்டுவார்கள். அம்மாவும் அப்பாவும் வெட்டிய பால் தகடாகிப் புகையூட்டப்பெற்றுத் தரம் ஒன்று, தரம் இரண்டு என்று முத்திரை வாங்கிக் கப்பலேறியது. எந்நாட்டு வண்டிச் சக்கரமாயிற்றோ! எந்த மலைச்சரிவு, எவர் கை, எந்த ஆண்டு மழை என்று அத்தகட்டைக் கையிலெடுத்து எவரும் கேட்டதில்லை. சிராப் புட்டியிலோ ஊர், ஆண்டு, குடும்பப் பெயர் மூன்றும் இருந்தன.

1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலில் எங்கள் தோட்டமும் சிக்கியது. சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இக்கொடுமையைத் தடுக்கவே. எங்கள் தோட்டத்துக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. இப்போது ஒரு பாதியில் செம்பனை, மறுபாதியில் வீடமைப்பு. கள்ளுக்கடை இருந்த இடத்தில் வாகனம் கழுவுமிடம் இருக்கிறது.

மாணவர் விடைபெறும்போது, 2020 தொடக்கத்தில் காட்டுத்தீயின் புகை கான்பரா வட்டாரத்துத் தோட்டங்களில் படிந்ததைச் சொன்னார். புகை பழத்தோலில் ஏறிவிட்டால் மதுவில் சாம்பற் கசப்பு நிற்குமாம். பலர் அவ்வாண்டு பழத்தைப் பறிக்காமலே விட்டார்கள். விடியற்காலை மழையில் பட்டை நனைந்தால் பால்வெட்டு இல்லை, அன்று கூலியும் இல்லை என்பதை அவருக்குச் சொன்னேன். அவர் ஈப்போ நகரப் பிள்ளை, அறிந்திருக்கவில்லை. நனைந்த மரத்தை வெட்டினால் என்ன ஆகும் என்று கேட்டார். பால் மங்கில் விழாமல் பட்டையெங்கும் வழிந்து, மழைநீரோடு வேருக்குப் போய்விடும் என்றேன்.