அத்தை ஏறிய வண்டி

முப்பத்து நான்கு வயதில், பத்திரிகை நிருபர் உத்தியோகம் பார்க்கும் ஒரு பெண்மணி, பழைய 'டர்ட் பைக்' ஒன்றை விலைக்கு வாங்கினாள் என்று கேள்விப்பட்டால் என்ன நினைப்பீர்கள்? "பொழுது போகவில்லை போலிருக்கிறது" என்றுதானே? என் மாமியாரும் அதையேதான் நினைத்தார். "பையன்கள் சேற்றிலே தாவிக் குதிப்பார்களே, அந்த வண்டியா?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் பூஜை அறைக்குள் போய்விட்டார். விஷயம் முழுவதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் யார் கட்சி என்று தீர்மானித்துக் கொள்ளுங்கள்.

நாங்கள் அருப்புக்கோட்டையில் குடியிருக்கிறோம். திருச்சுழிக்கு அப்பால், தார் ரோட்டிலிருந்து 4 கிலோமீட்டர் உள்ளே தள்ளி, ஒரு கண்மாய்க் கரையில் என் அத்தையின் ஊர். என் தகப்பனாருடன் பிறந்தவள், வயது எழுபத்தெட்டு, தனிக்கட்டை. "எங்களோடு வந்து இரு, அத்தை" என்று கூப்பிட்டால், "நான் வந்துட்டா இந்த ஆடுகளுக்கு யாரு தண்ணி காட்டுவா?" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவாள்.

கரிசல் மண்ணைப் பற்றிப் பட்டணத்து வாசகிகளுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் கை நுழையும் அளவுக்கு அது வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழை விழுந்ததோ இல்லையோ, உப்பிப் பருத்து, வெடிப்பையெல்லாம் மூடிக்கொண்டு, அல்வாப் பதத்துக்கு வந்துவிடும். நீரை உறிஞ்சிப் பருக்கும் ஒரு வகைக் களிமண் அதில் அதிகம். பருத்திக்கு அது அமிர்தம், சக்கரத்துக்கு யமன். ஸ்கூட்டரின் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இருப்பது இரண்டு விரற்கடை இடைவெளி. நூறு கெஜம் போவதற்குள் மண் அதில் அப்பிக்கொண்டு சக்கரத்தை நிறுத்திவிடும். இறங்கிக் குச்சியால் நோண்டி எடுக்க வேண்டும். மறுபடி நூறு கெஜம்.

முந்தைய வருஷம் கார்த்திகையில் ஒரு நாள் அத்தை போனை எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. ஸ்கூட்டரில் கிளம்பினேன். அந்த 4 கிலோமீட்டருக்கு எனக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. பாதி வழியில் ஸ்கூட்டரைச் சீமைக் கருவேல முள்ளுக்குள் சாத்திவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். அத்தை கயிற்றுக் கட்டிலில் காய்ச்சலில் பிதற்றிக் கொண்டிருந்தாள். யாரோ புண்ணியவானின் டிராக்டரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தோம். "இன்னும் ஒரு நாள் போயிருந்தால்..." என்று ஆரம்பித்த டாக்டர் என் முகத்தைப் பார்த்ததும் பாக்கியை விழுங்கிவிட்டார். அந்த விழுங்கிய வார்த்தைதான் எனக்கு வண்டி வாங்கிக் கொடுத்தது.

டர்ட் பைக்கின் சூட்சுமம் ஒன்றும் பிரமாதமில்லை. முன் மட்கார்டு சக்கரத்தை ஒட்டியிராமல் உயரத்தில், கூரை இறக்கின மாதிரி நிற்கும். மண் அப்ப இடமில்லை. பள்ளத்தில் விழுந்தால் ஸ்பிரிங் நிறையத் தாழ்ந்து கொடுக்கும். வயிற்றுப் பக்கம் கல்லில் இடிக்காது. நம் தேசத்தில் ஹீரோ கம்பெனி 2011-ல் 'இம்பல்ஸ்' என்று இந்த ஜாதியில் ஒரு 150 சி.சி. வண்டி கொண்டு வந்து, சில வருஷங்களில் நிறுத்திவிட்டது. 2019-ல் 'எக்ஸ்பல்ஸ்' வந்தது. புதிது வாங்க என்னிடம் ஏது பணம்? சீட்டு எடுத்த 40,000 ரூபாய்தான். ஆகவே பழைய இம்பல்ஸ் தேடினேன். அதன் இன்ஜின் அதே கம்பெனியின் 'ஹங்க்' வண்டி இன்ஜினின் உடன்பிறப்பு; எனவே பிஸ்டனும் வால்வும் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

திருச்சுழியில் 1879-ல் பிறந்த ரமண மகரிஷி, 1896-ல் மதுரையிலிருந்து 3 ரூபாயை எடுத்துக்கொண்டு திருவண்ணாமலைக்குப் புறப்பட்டவர். நான் 40,000 ரூபாயோடு மதுரைக்குப் புறப்பட்டேன். மனசில் அமைதிதான் இல்லை.

துணைக்கு எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் வந்தார். அறுபதைத் தாண்டியவர். போகும்போதே எனக்கு உபதேசம்: "தாயி, அங்க போயி வண்டியப் பாக்காத. வண்டி நிக்கிற தரையப் பாரு. எண்ணெய்ச் சொட்டு இருந்தா அது சொல்லும்."

விற்கிற பையன் வண்டியைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தான். அண்ணன் முதல் காரியமாக இன்ஜின்மேல் கையை வைத்தார். சுட்டது! "என்ன தம்பி, இப்பத்தான் எங்கிட்டோ போயிட்டு வந்தீகளோ?" என்று சிரித்துவிட்டு, என்னை டீக்கடைக்கு அழைத்துப் போனார். சூடாயிருக்கும் இன்ஜின் நோயை மறைக்குமாம். ஒரு மணி நேரம் கழித்துக் கிளப்பச் சொன்னார். நீலப் புகை! வெள்ளைப் புகை என்றால் ஈரம், சற்று நேரத்தில் நின்றுவிடும். நீலம் என்றால் வண்டி ஆயில் குடிக்கிறது, பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். முன் சக்கரத்தைத் தூக்கி ஹாண்டிலைத் திருப்பினார். நடுவில் ஓரிடத்தில் 'டக்' என்று சிக்கியது. கோன் செட் போய்விட்டதாம். 35,000-த்தில் ஆரம்பித்த பையன் 24,000-த்துக்கு இறங்கினான்.

ஆர்.சி. புத்தகம் என் இலாகா. இன்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் வண்டியில் தேடிப் பிடித்து ஒப்பிட்டேன். எல்லாம் சரி, ஆனால் கடன் கொடுத்த இடத்தின் பெயர் இன்னும் புத்தகத்தில் இருந்தது. கடன் எப்போதோ அடைந்துவிட்டதாம்! "அதை நீக்கிக் கொண்டு வா, பாக்கிப் பணம் அப்போது" என்றேன். மூன்று வாரம் அலைந்தான். அலையட்டுமே! பதிவுக்கு ஆயுள் 15 வருஷம் என்பதையும், அதில் எத்தனை பாக்கி என்பதையும் பார்த்துக் கொள்ளுங்கள். மறுபதிவுக்குத் தனிச் செலவு உண்டு.

வண்டி வந்ததும் நான் செய்த முதல் அசட்டுத்தனம், பெயிண்டருக்கு 3,000 ரூபாய் அச்சாரம் கொடுத்தது. சிவப்பு என்றால் எனக்குப் பிரியம். அண்ணன் தலையில் அடித்துக் கொண்டார். "வயித்துக் கோளாறு இருக்கிற பிள்ளைக்கு மூஞ்சிக்குப் பவுடர் பூசுவாகளா, தாயி?" அச்சாரம் திரும்பி வரவில்லை. லேத் பட்டறையில் போர் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன், ரிங், காஸ்கெட் மாற்ற 4,800. செயின் ஸ்பிராக்கெட் 1,600. பட்டன் வைத்த டயர் இரண்டு 4,700. கூலி 3,500. கணக்கைக் கூட்டிப் பார்த்தால், என் 40,000-த்தையும் தாண்டி ஆயிரத்து அறுநூறு! கோன் செட்டும் முன் போர்க் ஆயில் சீலும் பாக்கி. "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்றேன். அடுத்த வாரமே ஒரு வரப்பில் ஹாண்டில் அந்த 'டக்'கில் சிக்கி, நானும் வண்டியும் பருத்திச் செடிகளுக்கு நடுவே கிடந்தோம். முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. தீபாவளிப் புடவைக்கு வைத்திருந்த பணம் அன்றே கோன் செட்டாகவும் ஆயில் சீலாகவும் மாறிற்று.

இந்தக் கார்த்திகையில் அடைமழை. விடியற்காலை அத்தையே போன் செய்தாள். "ஒண்ணுமில்ல தாயி, லேசா மூச்சு முட்டுது" என்றாள். அத்தை 'லேசா' என்றால் எனக்குத் தெரியும். தார் ரோட்டை விட்டு இறங்கியதும் வண்டி நாலாபுறமும் வழுக்கியது. ஒரு தடவை மெதுவாகப் படுத்தும் விட்டது. ஆனால் சக்கரம் நிற்கவில்லை. 4 கிலோமீட்டர், இருபது நிமிஷம்.

அப்புறந்தான் உண்மையான சங்கடம். அந்த வண்டியின் ஸீட் தரையிலிருந்து 33 அங்குலம்! அத்தையின் இடுப்புக்கு மேலே நின்றது. நான் யோசித்துக் கொண்டிருக்கும்போதே அவள் ஒவ்வொரு படியாகத் திண்ணைமேல் ஏறி நின்று, "பக்கத்துல கொண்டா" என்றாள். குழந்தையைத் தொட்டிலில் விடுவது போல் தன்னைத் தானே இறக்கிக் கொண்டாள். பக்கத்து வீட்டுப் பெண் ஒரு பழஞ்சேலையால் எங்கள் இருவர் இடுப்பையும் சேர்த்துக் கட்டினாள். வழி நெடுக என் முதுகில் அந்த மூச்சின் இரைச்சலை எண்ணிக் கொண்டே வந்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியபோது, சேறு பூசிய எங்கள் இருவரையும் காவல்காரர் வாய் பிளந்து பார்த்தார். சேலை முடிச்சை அவிழ்த்துவிட்டு, "இறங்கு, அத்தை" என்றேன். அவள் அசையவில்லை. மூச்சு வாங்க, அந்தக் கட்டடத்தை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"எப்படித் தாயி இறங்குறது? இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி கட்டியிருக்காக, ஒரு திண்ணை வைக்கலியே!"