பேசும் கழுதையும் பேசாத குதிரையும்

ஈழத்தின் வடபால், பாக்கு நீரிணையிலே சிதறிக் கிடக்கும் தீவுகளுள் தனித்து ஒதுங்கி நிற்பது நெடுந்தீவு. வேலணையும் புங்குடுதீவும் காரைநகரும் பாலங்களாலும் தாம்போதிகளாலும் யாழ்ப்பாணக் குடாநாட்டுடன் கைகோத்துக்கொண்டன. நெடுந்தீவுக்கோ இன்றும் கடல் ஒன்றே வழி. அந்தக் கடல் விரும்பினால் வழி விடும், விரும்பாவிட்டால் மறிக்கும்.

இத்தீவுக்கு மூன்று பெயர்கள் உண்டு. நெடிது கிடப்பதால் தமிழர் நெடுந்தீவு என்றனர். மேயும் ஆவினங்களைக் கண்ட போர்த்துக்கேயர் தம் மொழியிலே ‘பசுத்தீவு’ என்று பெயரிட்டனர். பின்வந்த ஒல்லாந்தர் தம் நாட்டு நகரம் ஒன்றை நினைத்து ‘டெல்வ்ற்’ என்றழைத்தனர். இம்மூன்றனுள்ளும் உயிரினத்தின் பெயரைத் தாங்கியது போர்த்துக்கேயர் இட்ட பெயர் ஒன்றே. நாம் எழுதப் புகுந்ததும் அத்தீவின் உயிரினங்களைப் பற்றியே.

கடல் வழி

மார்கழி மாதத்து விடுமுறையிலே, மாணவர் சிலருடன் நாம் அங்கே சென்றிருந்தோம். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைக் கடலைக் கடந்து, வேலணை வழியாகப் புங்குடுதீவின் முனையிலுள்ள குறிகட்டுவான் துறையை அடையவேண்டும். அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகுப் பயணம். வாடைக்காற்று வீசும் காலமாதலால் அலைகள் படகைத் தூக்கித் தூக்கிப் போட்டன. கரையிலே வாய் ஓயாது பேசிய மாணவர் நடுக்கடலில் மௌன விரதம் பூண்டனர். அரிசி மூட்டைகளுக்கும் மண்ணெண்ணெய்க் கலன்களுக்கும் நடுவே அமர்ந்திருந்த தீவு மாதர் மட்டும் வெற்றிலை மென்றபடி ஊர்க்கதை பேசிக்கொண்டே வந்தனர்.

இக்கடலுக்குத் துயர நினைவும் உண்டு. 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள், இதே வழியில் சென்ற ‘குமுதினி’ப் படகின் பயணிகள் பலர் கொல்லப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் அடங்குவர். அந்த இடம் இதுதான் என்று சுட்டிக் காட்டுவதற்குக் கடலிலே அடையாளம் ஏதும் இல்லை. ஆயினும் முதியோர் சிலர் நடுவழியிலே தலை தாழ்த்தி வணங்கியதை நாம் கண்டோம்.

பின்னர் 2017இல் இத்துறையிலே சேவைக்கு வந்த பயணிகள் படகு ஒன்றுக்கு ‘நெடுந்தாரகை’ என்று பெயர் வைத்தனர். தாரகை என்றால் விண்மீன். அதே ஆண்டிலே ‘விண்மீன்’ என்னும் பொருள்படும் தலைப்பைக் கொண்ட ஆங்கிலச் சித்திரப் படம் ஒன்றும் உலகெங்கும் திரையிடப்பட்டது. அப்படத்தைப் பற்றிப் பின்னர்ச் சொல்வோம்.

கல்லும் உயிரும்

மாவிலித்துறையிலே இறங்கியதும் முதலிற் கண்ணைக் கவர்வன வேலிகளே. குடாநாட்டிலே பனையோலையும் கிடுகும் கதியாலும் வேலியாகும். இங்கோ கடல் தந்த முருகைக் கற்களைச் சாந்து இன்றியே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மதிலாக்கியிருக்கின்றனர். கல்லிடுக்குகளிலே காற்று நுழைந்து சீழ்க்கை அடிக்கிறது. மதில்களுக்கு அப்பால் பனங்கூடல். பனங்கூடலுக்கு அப்பால் பரந்த புல்வெளி.

ஒல்லாந்தர் காலத்துச் சின்னமாகக் காட்டப்படும் புறாக்கூடு ஒன்று இங்கே நிற்கிறது. மாடம் மாடமாக அறைகள் அமைந்த அக்கற்கட்டடத்திலே தூதுப் புறாக்களை வளர்த்தனர் என்பர். தந்தியும் தொலைபேசியும் தோன்றுமுன் கடல் கடந்து செய்தி சுமந்தது ஒரு சிறு பறவை! இன்று மாடங்கள் வெறுமையாக இருக்கின்றன.

புல்வெளியிலே திரிவன குதிரைகள். உருவிலே சிறியன, மட்டக்குதிரை என்று சொல்லத்தக்கன. ஐரோப்பியர் ஆண்ட காலத்திலே இத்தீவு குதிரை வளர்க்கும் பண்ணையாக விளங்கிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நோலன் என்னும் இராணுவ அதிகாரி அப்பண்ணையை மேற்பார்த்தார். அக்காலக் குதிரை லாயத்தின் தூண்கள் இன்றும் இடிந்து நிற்கின்றன. குதிரை வேண்டியிருந்தவரை லாயமும் இருந்தது; தீனியும் இருந்தது; காவலரும் இருந்தனர். அத்தேவை நீங்கியதும் ஆண்டவர் போயினர். குதிரைகள் எஞ்சின. அவற்றின் வழித்தோன்றல்களே இன்று கடிவாளமும் சேணமும் அறியாமல், உடையவர் எவரும் இன்றித் திரிகின்றன.

மழைக்காலமாதலால் புல் பசேலென்றிருந்தது. பள்ளங்களிலே நீர் தேங்கியிருந்தது. தாயின் பின்னே குட்டி ஒன்று காலுதறி ஓடிய அழகை மாணவர் வியந்து நின்றனர். “இவற்றுக்கு என்ன குறை, சேர்? சுகமான சீவியம்!” என்றான் ஒருவன். அதற்குரிய விடை அன்று மாலையே ஒரு சிறுமியின் வாயிலாகக் கிடைத்தது.

ஒரு மாலைக் காட்சி

நெடுந்தீவிலே சைவரும் கத்தோலிக்கரும் நெருங்கி வாழ்கின்றனர். கோயில் மணியும் தேவாலய மணியும் ஒரே காற்றிலே கலந்து வரும். நாம் அன்றிரவு தங்கியது ஒரு கத்தோலிக்க அன்பர் இல்லத்திலே. நத்தார் அண்மித்திருந்தது. திண்ணையின் ஒரு மூலையிலே வைக்கோல் பரப்பி, பனையோலை வேய்ந்து, பாலன் குடில் அமைத்துக்கொண்டிருந்தனர். மறு மூலையிலே மடிக்கணினி ஒன்றைச் சுற்றி அயல்வீட்டுப் பிள்ளைகள் பத்துப் பேர் குந்தியிருந்தனர். சைவப் பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர். ஓடிக்கொண்டிருந்தது முன்னே குறிப்பிட்ட ‘தி ஸ்டார்’ என்னும் சித்திரப் படம்.

திமொத்தி றெக்கார்ட் என்பவர் இயக்கிய இப்படம் இயேசு பிறந்த கதையை விலங்குகளின் வாயிலாகச் சொல்கிறது. நாயகன் ஒரு கழுதை. நாசரேத்து ஊரிலே செக்கு மாடு போல ஒரு மாவாலையைச் சுற்றிச் சுற்றி வருவதே அதன் தொழில். அரச பவனியிலே சேர்ந்து பெருமை பெறவேண்டும் என்பதே அதன் கனவு. கட்டவிழ்த்து ஓடிய கழுதை காலிலே அடிபட்டு மரியாளின் வீட்டு முற்றத்தை அடைகிறது. அவர் காயத்துக்குக் கட்டிட்டு ஆதரிக்கிறார். டேவ் என்னும் புறாவும், மந்தையைப் பிரிந்த ரூத் என்னும் ஆடும் அதற்குத் துணையாகின்றன. ஞானியரைச் சுமந்து வரும் மூன்று ஒட்டகங்களும் உண்டு. நகைச்சுவைக்குக் குறைவில்லை.

கழுதையின் பெயர் ‘போ’. இதைக் கேட்டதும் பிள்ளைகளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “போ எண்டு கூப்பிட்டால் அது வருமோ, போகுமோ?” என்று ஒரு சிறுவன் கேட்க, குடில் கட்டிக்கொண்டிருந்தவர்களும் சிரித்துவிட்டனர்.

கதையின் திருப்பம் நயமானது. அரச பவனியா, பேறுகாலம் நெருங்கிய மரியாளா என்று தேர்ந்தெடுக்கும் வேளையிலே கழுதை மரியாளிடம் திரும்புகிறது. அரசனைச் சுமக்க ஏங்கிய அது, தான் சுமந்து வந்த தாயின் வயிற்றிலே அரசர்க்கரசர் இருந்தார் என்பதை இறுதியிலே உணர்கிறது. பெரியதைத் தேடி ஓடுகையில், முதுகிலிருக்கும் பெரும்பேற்றை உணராமற் போகலாம் என்பதைப் பிள்ளைகளும் உணரும்படி காட்டியிருக்கின்றனர். கூச்சலும் துரத்தலும் சற்றே மிகுதி. ஆயினும் குடும்பத்துடன் இருந்து பார்க்கத்தக்க படம்.

நற்செய்தி நூல்களிலே கழுதையும் மாடும் குடிலில் நின்றனவாகக் கூறப்படவில்லை என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. லூக்கா, குழந்தையைத் தீவனத் தொட்டியிலே கிடத்தியதையும், வயல்வெளியிலே மந்தையைக் காத்த இடையரையும் சொல்கிறார். மத்தேயு விண்மீனையும் ஞானியரையும் சொல்கிறார், ஒட்டகத்தைச் சொல்லவில்லை. மாடும் கழுதையும் தம் எசமானை அறியும் என்னும் கருத்துப்பட ஏசாயா தீர்க்கதரிசி உரைத்ததைப் பிற்காலத்தவர் இக்காட்சியுடன் இணைத்தனர். 1223ஆம் ஆண்டிலே இத்தாலியின் கிரேச்சியோ என்னும் ஊரில், அசிசி நகரத்துப் பிரான்சிஸ் அடிகள் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி நத்தார் விழாக் கொண்டாடினார். ஏட்டிலே இல்லாத விலங்குகளை மக்களின் அன்பு குடிலுக்குள் அழைத்து வந்தது என்றே சொல்லவேண்டும்.

சைவராகிய நமக்கும் இது புதிதன்று. கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. மனுநீதிச் சோழன் அதன் முறையீட்டைக் கேட்டான். மேய்ப்பனை இழந்து கதறிய பசுக்களின் துயர் பொறாமல் அவன் உடலிற் புகுந்து திருமூலரானார் ஒரு யோகியார். குதிரையை மறப்போமா? மாணிக்கவாசகருக்காக நரிகளைப் பரிகளாக்கினான் சோமசுந்தரக் கடவுள். விலங்கு பேசுவது அன்று அற்புதம். அதன் பேச்சாத குறையை மனிதன் உணர்வதே அற்புதம்.

சிறுமியின் விடை

படம் முடிந்தபின், எமது மாணவன் ஒருவன் விளையாட்டாகக் கேட்டான்: “உங்கட ஊர்க் குதிரை பேசினால் என்ன சொல்லும்?”

எட்டு வயது மதிக்கத்தக்க சிறுமி ஒருத்தி சற்றும் தயங்கவில்லை. “தண்ணி தாங்கோ எண்டு சொல்லும்” என்றாள்.

சிரிப்பு நின்றது. அருகிலிருந்த அவளது அம்மம்மா விளக்கினார்: “இப்ப மழைக்காலம், தம்பி. நீங்கள் ஆடி ஆவணியிலே வந்து பாக்கோணும். பள்ளமெல்லாம் வெடிச்சுப் போகும். குதிரை தண்ணி தேடி வளவு வாசலிலே வந்து நிக்கும். எங்களுக்கே குடிக்கத் தண்ணி கரைச்சல். அதுக்கு எங்கை போறது?”

இதற்குக் காரணம் நிலத்தின் அமைப்பே. நெடுந்தீவிலே ஆறில்லை. சுண்ணக்கல் நிலத்திலே ஊறிய மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஓர் ஏடு போல மிதக்கிறது. அளவோடு எடுத்தால் நன்னீர். அளவு மீறினால் உப்பு மேலேறும். மழை பொய்த்த ஆண்டிலே கிணறும் உவர்க்கும், குளமும் வற்றும். கொடிய வறட்சிக் காலங்களிலே குதிரைகள் நீரின்றி மடிந்தன என்ற செய்திகளை நாம் நாளேடுகளிலே படித்திருக்கிறோம்.

2015ஆம் ஆண்டிலே தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நல்லதே. ஆயினும் அறிவித்தல் தாகம் தீர்க்காது. தீவு மக்களைக் குறை கூறுதலும் தகாது. அவர்களுடைய ஆடுமாடுகளுக்கும் அதே புல், அதே நீர். தோட்டத்திலே குதிரை புகுந்தால் நட்டம் அவர்களுக்கே. தம் குடத்து நீரிலே பங்கு கொடுக்கும் ஏழைக்கும், படம் பிடிப்பதற்காகக் குதிரைகளை வாகனத்திலே விரட்டும் பயணிக்கும் வேறுபாடு உண்டு.

அம்மூதாட்டி சொன்ன மற்றொன்றும் எம் நெஞ்சை விட்டகலவில்லை. “முந்தி இந்தத் தெருவிலே ஆவுரஞ்சிக் கல்லும் தண்ணித் தொட்டியும் இருந்தது” என்றார் அவர். யாழ்ப்பாணத்தார் யாவரும் அறிந்த அறம் இது. வழிநடைப் பயணிக்கு மடம், தலைச்சுமையாளனுக்குச் சுமைதாங்கி, ஆவுக்கு உடல் உரஞ்ச ஒரு கல், வாயில்லாச் சீவனுக்கு ஒரு தொட்டி நீர். இவற்றைச் செய்தோர் பெருஞ்செல்வரும் அல்லர். பிள்ளை பெற்ற மகிழ்விலும், இறந்தார் நினைவிலும் எளியவர்கள் அமைத்தவை அவை. மோட்டார் வாகனம் வந்ததும் தொட்டிகள் வறண்டன. சில இடங்களிலே வீதி அகலிக்கையில் பெயர்க்கவும் பட்டன.

மறுநாட் காலை எமது மாணவர் தாமாகவே அச்சிறுமியின் வீட்டாரிடம் கேட்டறிந்து, கோடையில் நீர் வற்றும் பள்ளங்கள் எவை, மழைநீரைத் தேக்கத்தக்க பழைய கேணிகள் எவை என்று குறித்துக்கொண்டனர். கேணி ஒன்றைத் தூர்வார என்ன செலவாகும் என்ற கணக்கும் போடப்பட்டது. எம்மவர் வெளிநாட்டிலிருந்து ஊர்க் கோபுரங்களுக்கும் தேவாலயங்களுக்கும் அனுப்பும் பொருளிலே மிகச் சிறு துளி அது.

நெடுந்தீவுக்குப் போக விரும்பும் அன்பர்கள் மழைக்காலத்திலே சென்று அழகைக் காண்க. கோடையிலும் ஒருமுறை சென்று உண்மையைக் காண்க. நத்தார்க் குடிலை அலங்கரிக்கும் சிறுவருக்கும், பொங்கல் முடிந்து பட்டிப் பொங்கலன்று மாட்டுக்குப் பொட்டிடும் சிறுவருக்கும் ஒரு செய்தி உண்டு. அந்தப் பாலன் கிடந்த இடம் விலங்குகளின் தீவனத் தொட்டி. மனிதர் வீட்டிலே இடமில்லாத இரவில் அவை தம் தொட்டியை அவருக்கு விட்டுக்கொடுத்தன என்றே வைத்துக்கொள்வோம். அக்கடனைத் திருப்பிக் கொடுப்பது கடினமன்று. ஒரு தொட்டியை நிரப்பி வைத்தாற் போதும்.