கோஹன் நடந்த தெருக்கள்

மான்ட்ரியலில் கிரசென்ட் தெருவுக்குள் திரும்பியவன் அண்ணாந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். ஏறக்குறைய இருபது மாடி உயரச் சுவர் முழுக்க லெனார்ட் கோஹன்: தலையில் தொப்பி, நெஞ்சில் கை. நம்மூரில் இத்தனை உயரத்துக்கு ஒருவர் நின்றால் நடிகராக இருப்பார், இல்லாவிட்டால் தலைவராக இருப்பார். இவரோ கவிதை எழுதி, அதைத் தானே பாடியவர். 2016-இல் மறைந்தார், மறு ஆண்டே ஊர் அவரைச் சுவரில் ஏற்றிவிட்டது.

கவிதை, கன்ட்ரி, ராக், ஜாஸ் எல்லாம் இவர் ஒருவரிடம் எப்படி வந்து சேர்ந்தன என்பது என் நெடுநாள் கேள்வி. ஊரை நடந்தே பார்ப்பது என்று கிளம்பினேன்.

மேட்டுப் பகுதியான வெஸ்ட்மவுண்ட்தான் தொடக்கம். 1934-இல் அங்கே ஆடை வணிகம் செய்த வசதியான யூதக் குடும்பத்தில் கோஹன் பிறந்தார். வீட்டுக்குப் பின்னால் ஒரு பூங்கா. டென்னிஸ் ஆடுமிடத்தின் அருகே கிதார் வாசித்த ஸ்பானிய இளைஞன் ஒருவனிடம் பாடம் கேட்டார். மூன்று நாள் வந்து ஆறு கார்டுகளை, அதாவது சுரக்கூட்டுகளை, கற்றுக்கொடுத்தவன் நான்காம் நாள் வரவில்லை, தற்கொலை செய்துகொண்டான். தன் பாட்டுகள் அத்தனைக்கும் அந்த ஆறு கார்டுகள்தான் அடிப்படை என்று 2011-இல் ஸ்பெயினில் விருது வாங்கும்போது கோஹன் சொன்னார். நான் போனபோது நாய்கள் ஓடிக்கொண்டிருந்தன, பிள்ளைகள் புல் சரிவில் உருண்டுகொண்டிருந்தார்கள். அங்கே அதைச் சொல்லும் எதுவும் என் கண்ணில் படவில்லை.

அதே வட்டாரத்தில் குடும்பத்தின் ஜெபக்கூடமான ஷார் ஹஷோமாயிம். தாத்தா அதன் தலைவராக இருந்தவர். கோஹனின் கடைசி நாட்களில் வந்த ஆல்பத்தில் பாடியதும் அந்த ஜெபக்கூடத்துப் பாடகர் குழுதான்.

மேட்டிலிருந்து இறங்கினால் மெக்கில் பல்கலைக்கழகம். மாணவராக இருந்த காலத்தில் ‘பக்ஸ்கின் பாய்ஸ்’ என்ற கன்ட்ரி குழுவில் வாசித்தார். முதல் கவிதைத் தொகுப்பு 1956-இல் வந்தது. 1958-இல் நகர மையத்து ஜாஸ் கூடம் ஒன்றில், பியானோ வாசிக்க வாசிக்கக் கவிதை சொன்னார்.

இன்னும் கீழே, துறைமுகத்தை ஒட்டி, நோத்ர்-டாம்-டெ-பொன்-செகூர் என்ற மாலுமிகளின் மாதா கோயில். உள்ளே தலைக்கு மேலே சின்னச் சின்னக் கப்பல்கள் தொங்குகின்றன. பாய்மரம், கயிறு எல்லாம் வைத்துச் செய்தவை, விளக்குகளாக எரிகின்றன. கடலில் பிழைத்து வந்தவர்களின் காணிக்கை. கூரை மேல் மாதா ஆற்றை நோக்கிக் கைவிரித்து நிற்கிறாள். கோஹனின் ‘சூசன்’ பாட்டில் வருகிற மாதா இவள்தான் என்று தெரிந்ததும் சிலிர்த்துப்போனேன்.

ஜெபக்கூடம், பூங்கா, ஜாஸ் கூடம், மாதா கோயில் எல்லாம் அரை நாள் நடைக்குள் அடங்கிவிடுகின்றன. ஒலிநாடாக் கடைக்காரர்களுக்குத்தான் கவிதை, கன்ட்ரி, ஜாஸ் எல்லாம் தனித்தனி அலமாரி. அவருக்கு அடுத்தடுத்த தெரு.

புத்தகங்கள் சோறு போடவில்லை. கன்ட்ரி பாடகராகலாம் என்று 1966-இல் நாஷ்வில்லுக்குக் கிளம்பி, வழியில் நியூயார்க்கிலேயே தங்கிவிட்டார். முதல் ஆல்பம் வந்தபோது வயது 33. இரண்டாவதை நாஷ்வில்லிலேயே போய்ப் பதிவு செய்தார். 1979-இல் ‘பாசெஞ்சர்’ என்ற ஜாஸ் குழுவைச் சேர்த்துக்கொண்டார். அரபு நாட்டுத் தந்தி வாத்தியமும் கூடவே ஒலித்தது. எது சேர்ந்தாலும் முன்னே நின்றது சொல்தான். குரல் பெரிதில்லை என்று அவருக்கே தெரியும். அதனால் சொல்லை வீணாக்கவில்லை.

மான்ட்ரியல் போகிறவர்கள் மவுண்ட் ராயல் சரிவில் அவருடைய கல்லறையையும் பார்த்துவிட்டு வாருங்கள். பூ வேண்டாம், ஒரு கூழாங்கல் போதும். யூதர் வழக்கம் அது. சனிக்கிழமை மட்டும் போகாதீர்கள். அவர்களுக்கு ஓய்வு நாள், கதவு பூட்டியிருக்கும்.