விசையும் பொறியும்

தமிழில் 'விசை' என்ற சொல் வேகத்தையும் ஆற்றலையும் குறிக்கும். இயந்திரத்தை முடுக்கும் பொத்தானுக்கும் அதுவே பெயர். 'பொறி' என்ற சொல்லோ இன்னும் விரிந்தது. இயந்திரமும் பொறி, தீயிலிருந்து தெறிப்பதும் பொறி, கண், செவி முதலியனவும் பொறி, எலியைப் பிடிப்பதும் பொறி. இத்தனை பொருளும் ஒருங்கே கூடி நிற்கும் இடம் ஒன்று உண்டென்றால், அது பழைய கார் ஒன்றின் ஓட்டுநர் இருக்கைக்கு முன்னுள்ள பலகைதான். பட்டறையில் அதனை டேஷ்போர்டு என்பர். முகப்புப் பலகை எனலாம்.

ஈப்போவின் புறநகரில், வரிசை வீடொன்றின் முன்கொட்டகையில், ஒரு மோரிஸ் மைனர் நிற்கிறது. அதற்கு உரியவர் சில்லுத் தொழிற்சாலையொன்றில் தொழில்நுட்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்தம் தந்தையார், சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டமொன்றில் துரைக்குக் கார் ஓட்டியவர். துரை நாடு திரும்பியபோது காரைச் சொற்ப விலைக்கு ஓட்டுநரிடமே விட்டுச் சென்றார். பின்னர்த் தோட்டம் துண்டாடப்பட்டது. லயங்கள் இடிக்கப்பட்டன. பால்மரம் நின்ற நிலத்தில் செம்பனை வந்தது. பிழைப்புத் தேடிக் குடும்பம் ஈப்போவுக்குப் பெயர்ந்தபோது கூடவே வந்தது அந்தக் கார் ஒன்றுதான்.

அந்தத் தந்தையாருக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. குமிழ்களில் என்ன எழுதியிருந்தது என்று அவர் ஒருநாளும் படித்ததில்லை. ஸ்டார்ட்டர் குமிழ் எங்கிருக்கிறது, சோக் குமிழை எத்தனை விரற்கடை இழுக்க வேண்டும், விளக்கு விசை எந்த இடத்தில் 'டக்' என்று நிற்கும் என்பதெல்லாம் அவர் கைக்குத் தெரியும். விளக்கில்லாத செம்மண் சாலையில் கண் சாலையை விட்டு விலகாது. கை மட்டும் விசையைத் தேடிச் செல்லும். இன்றைய கார்களில் எல்லாவற்றையும் ஒரே கண்ணாடித் திரையில் அடைத்துவிட்டு, காற்றாடியின் வேகத்தைக் குறைப்பதற்கும் சாலையிலிருந்து கண்ணை எடுக்க வைக்கிறார்கள். இதை முன்னேற்றம் என்று சொல்வதற்குத் துணிவு வேண்டும்!

மோரிஸ் மைனர் 1948-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1971 வரை பதினாறு இலட்சத்திற்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. மலாயாவின் தோட்டச் சாலைகளிலும் அது நன்கு அறிமுகமான வண்டி. அதன் மின்னமைப்பு மிக எளியது. உருகிகள் இரண்டே; முன்விளக்குகளுக்கு உருகியே இல்லை. அக்காலத்துக் கார்களின் மின்கம்பிகளுக்கு இரப்பர் உறையும், அதன்மேல் பருத்தி நூற்பின்னலும் இருந்தன. இரப்பர் வெப்பத்தில் காய்ந்து, வெடித்து, உதிரும் இயல்புடையது. உறை உதிர்ந்த கம்பி இரும்பைத் தொட்டால் அங்கே பொறி பறக்கும்.

அதுவே நடந்தது. மழை இரவொன்றில், சுங்கை சிப்புட்டிலிருந்து செம்மோர் வழியாகத் திரும்புகையில், முகப்புப் பலகையின் பின்னாலிருந்து புகை வந்தது. முன்விளக்குகள் அணைந்தன. எதிரே ஒரு லாரி. காரைப் புல்மேட்டில் ஏற்றி நிறுத்தியதால் உயிர்ச்சேதம் இல்லை. மறுநாள் பலகையைக் கழற்றிப் பார்த்தபோது விளக்கு விசையின் தொடுமுனைகள் கரிந்து கிடந்தன.

கணக்கு எளிதானது. நாற்பத்தைந்து வாட் விளக்கு இரண்டு என்றால் தொண்ணூறு வாட். பன்னிரண்டு வோல்ட்டால் வகுத்தால் ஏழரை ஆம்பியர். இத்தனை மின்னோட்டமும் அரை நூற்றாண்டு பழைய விசை ஒன்றின் வழியே ஓடிக்கொண்டிருந்தது. விசை சிறு மின்னோட்டத்தை மட்டும் ஏற்று ரிலேக்கு ஆணையிட வேண்டும்; பெருமின்னோட்டம் ரிலேயின் வழியே போக வேண்டும். அத்துடன் விட்டிருந்தால் வேலை ஒரு நாளில் முடிந்திருக்கும். சில்லுகளோடு வாழ்ந்தவர் அவ்வளவில் நிற்பாரா? விசைகளுக்குப் பின்னால் ஒரு நுண்கட்டுப்படுத்தியை அமர்த்த எண்ணினார். விளக்கை அணைக்காமல் இறங்கினால் ஒலி எழுப்பவும், திருப்பக் குறிவிளக்கை நிமிடத்திற்குத் தொண்ணூறு முறை ஒழுங்காக இமைக்க வைக்கவும், ஒரு குமிழைச் சிறிது நேரம் அழுத்தினால் ஒரு பணியும் நீள அழுத்தினால் வேறு பணியும் செய்யவும் அது உதவும்.

நுண்கட்டுப்படுத்தி என்பது ஒரே சில்லுக்குள் கணக்கிடும் பகுதியும், நினைவகமும், வெளியுலகோடு பேசும் கால்களும் அடங்கிய சிறு கணினி. இன்டெல் நிறுவனம் 1976-இல் 8048 என்ற சில்லையும், 1980-இல் புகழ்பெற்ற 8051-ஐயும் வெளியிட்டது. 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் அர்டுயினோ என்னும் எளிய பலகை உருவான பிறகு, பள்ளி மாணவரும் இத்தகைய சில்லைக் கையாள முடிகிறது. அவர் எடுத்துக்கொண்டதும் அவ்வகைப் பலகைதான். அதன் சில்லு நொடிக்கு ஒரு கோடியே அறுபது இலட்சம் துடிப்புகளில் இயங்குகிறது. ஆயினும் அதன் கால் ஒன்று தாங்கும் மின்னோட்டம் 40 மில்லி ஆம்பியரே. முன்விளக்குகள் கேட்பதோ அதைப்போல் ஏறக்குறைய 190 மடங்கு. அறிவு மிகுதி, தோள்வலி குறைவு!

இடையூறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. விசையைக் கை ஒருமுறைதான் அழுத்துகிறது. ஆனால் அதன் தகடுகள் சில மில்லி நொடிகளுக்குள் பலமுறை துள்ளித் துள்ளித் தொடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துள்ளலைச் சில்லு பல அழுத்தங்களாக எண்ணிவிடும். சிறிது காத்திருந்து மறுமுறை பார்த்த பின்னரே நம்பவேண்டும் என்று அதற்குக் கற்பிக்க நேர்ந்தது. ஸ்டார்ட்டரை இழுத்தால் மின்கலத்தின் அழுத்தம் சட்டென்று சரியும்; சில்லு மயங்கி விழித்து, எல்லாவற்றையும் மறந்துவிடும். ரிலேயை நிறுத்தும் கணத்தில் அதன் சுருளிலிருந்து உயரழுத்த மின்னலை பாயும். அதைத் தடுக்க ஒவ்வொரு சுருளின் குறுக்கேயும் ஒரு டையோடு வைக்க வேண்டும்.

எல்லாவற்றினும் பெரிய தலைவலி எர்த்து. பெரும்பாலான கார்களில் மின்கலத்தின் எதிர்முனை காரின் உடலோடு இணைந்திருக்கும். இந்தப் பழைய காரிலோ நேர்முனை இணைந்திருந்தது. முனைகளை மாற்றினால் டைனமோவின் காந்தத்தையும் புதிய திசைக்குப் பழக்க வேண்டும். அதன் கம்பிகளைக் கழற்றிவிட்டு, மின்கலத்திலிருந்து ஒரு கம்பியை அதன் 'எஃப்' முனையில் நொடிப்பொழுது தொட்டெடுப்பது பழைய மெக்கானிக்குகள் அறிந்த முறை.

அம்முறையைச் செய்துகாட்ட வந்தவர் எண்பதை நெருங்கிய வயரிங்காரர் ஒருவர். கம்பியின் நிறத்தைக் கொண்டே அதன் குலம் கோத்திரம் சொல்வார். பழுப்பு மின்கலத்திலிருந்து வருவது, வெள்ளை இக்னிஷன், நீலம் முன்விளக்கு, கறுப்பு எர்த்து. அவர் புதிய பலகையைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார்.

"தம்பி, காருக்கு மூளை வைக்கிறாய். நல்லதுதான். மூளை கெட்டுப்போனால் விளக்கு எரியுமா?"

"எரியாது அண்ணே. சில்லு சொன்னால்தானே ரிலே இழுக்கும்."

"அப்படியானால் அன்றைக்குப் புல்மேட்டில் ஏறினாயே, அதே இடத்தில்தான் மறுபடியும் நிற்பாய்."

இரண்டு மாத வேலை அந்த ஒரு சொல்லில் அவிழ்ந்தது. முன்விளக்கின் ரிலேயை விசையே நேராக இயக்குமாறு அவர் கம்பிகளை மாற்றிக் கட்டினார். ஒவ்வொரு விளக்கிற்கும் தனி உருகியும் வைத்தார். சில்லு இப்போது அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறதே தவிர, அதன் குறுக்கே நிற்பதில்லை. இமைக்கும் விளக்கு, எச்சரிக்கை ஒலி போன்றவற்றை மட்டும் சில்லிடம் விட்டார். சில்லு உறைந்து போனால் தானே எழுப்பிவிடும் காவற்கடிகை அதனுள்ளேயே உண்டு. அதையும் முடுக்கி வைத்தார். கல்லூரிகளில் இதற்கெல்லாம் நீண்ட பெயர்கள் இருக்கலாம். வயரிங்காரருக்கு ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது.

புதிய கார் வாங்கும் பணத்தில் பாதியை இதில் கொட்டுவானேன் என்று கேட்டவர்கள் உண்டு. யாழ்ப்பாணத்தார் இக்கேள்வியைக் கேட்கமாட்டார்கள். 1990-களில் போரும் பொருளாதாரத் தடையும் பெட்ரோலை அங்கே கிட்டாப் பொருளாக்கியபோது, பழைய ஆஸ்டின், மோரிஸ் கார்கள்தாம் ஓடின. சில துளி பெட்ரோலால் எஞ்சினை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பழைய இயந்திரம் தன்னைத் திறந்து பார்க்கவிடும், சொன்னால் கேட்கும். அதன் பெருமை அங்கேதான் இருக்கிறது.

வேலை நடந்த நாளொன்றில் அவருடைய அக்காள் வந்திருந்தார். தோட்டத்தை விட்டுப் பினாங்கு, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போன பெண்களில் ஒருவர் அவர். இன்டெல் 1972-இல் அங்கே ஆலை தொடங்கியது; இன்று கார்செம் என்று அறியப்படும் நிறுவனமும் அதே ஆண்டில் ஈப்போவில் தொடங்கியதே. நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, தலைமயிரினும் மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லின் விளிம்பில் ஒட்டுவது அப்பெண்களின் வேலை. அக்காள் மூக்குக்கண்ணாடியை உயர்த்திச் சில்லைப் பார்த்தார்.

"இப்படி ஒன்றுக்குள்தான் தம்பி நாங்கள் கம்பி வைத்தோமா? இது என்ன செய்யும் என்று அன்றைக்கு யாருமே சொல்லவில்லையே!"

அவர் மட்டுமா அறியாதிருந்தார்? 1877-இல் கோலகங்சாரில் இரப்பர்க் கன்றுகள் ஊன்றப்பட்டன. அதற்குப்பின் பேராக்கின் தோட்டங்களில் விடியலுக்கு முன் எழுந்து பால் எடுத்தவர்கள், தாங்கள் எடுத்த பால் எந்தச் சக்கரமாக எந்த நாட்டில் உருண்டது என்று கண்டதில்லை. கிந்தா பள்ளத்தாக்கின் வெள்ளீயமும் அப்படியே கப்பலேறியது; 1985 அக்டோபரில் அனைத்துலக வெள்ளீய மன்றம் நொடித்து விலை வீழ்ந்தபின் சுரங்கங்கள் வரிசையாக மூடின. அந்த முகப்புப் பலகையின் பின்புறத்திலோ மூன்றும் அருகருகே இருக்கின்றன. பழைய கம்பியில் உதிர்ந்தது போக எஞ்சிய இரப்பர் இருக்கிறது. கம்பியையும் சில்லுப் பலகையையும் பிணைக்கும் பற்றில் நூற்றுக்கு அறுபது பங்கு வெள்ளீயம். நடுவே சில்லு. அக்காள் அவற்றை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். விலை கேட்டார். வெள்ளி முப்பதுக்குள் கிடைக்கிறது என்றதும் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

குமிழ்களைக் கடைசியில் செய்தார்கள். எழுத்துப் பொறிக்க வேண்டுமா என்ற பேச்சு வந்தது. தமிழெழுத்தே பொறிக்கலாம் என்றார் அக்காள். அவர் ஒப்பவில்லை. விளக்குக் குமிழை உருண்டையாகவும், துடைப்பான் குமிழைப் பட்டையாகவும், குறிவிளக்குக்கு உரியதை நுனி குவிந்ததாகவும் கடைசல் பிடித்து வாங்கினார். இருட்டில் விரல் தடவினால் எது எதுவென்று தெரியும். மாற்றிய பழைய விசைகளுக்கும் வெட்டிய கம்பிகளுக்கும் சீட்டுக் கட்டி, ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார். பின்னால் வருபவர் விரும்பினால் பழையபடியே பூட்டிக்கொள்ளலாம்.

சோதனைக்காக, முன்விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே வயரிங்காரர் சில்லுப் பலகையைக் கையால் பிடுங்கினார். குறிவிளக்கு நின்றது, முன்விளக்கு நின்றெரிந்தது. துடைப்பான் மட்டும் இன்னும் சரியாகவில்லை. விட்டு விட்டு இயங்க வேண்டுமானால், தகடு கண்ணாடியின் அடிக்குத் திரும்பிவிட்டதைச் சில்லுக்கு அறிவிக்கும் தொடுமுனை வேண்டும். பழைய மோட்டாரில் அது தேய்ந்திருக்கிறது. அதுவரை தூறலில் அவர் பட்டைக் குமிழைத் தாமே போட்டும் எடுத்தும் ஓட்டுகிறார்.