டீச்சருக்கும் ஒரு வகுப்பு



போன வருஷம் நம்ம வகுப்புக்குப் பயிற்சி டீச்சர் ஒருத்தங்க வந்தாங்களே, ஞாபகம் இருக்கா? முதல் நாள் கரும்பலகையில் எழுதும்போது கை நடுங்கி, சாக்பீஸ் ரெண்டாக உடைந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். யார் சிரித்தது என்று கடைசிவரை தெரியவில்லை. சிரித்தது நான்தான்.

மத்தியானம் அவங்க வேப்பமரத்தடியில் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாங்க. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாய் வரவில்லை. "டீச்சர் ஆகுறதுக்கும் படிக்கணுமா டீச்சர்?" என்று கேட்டுவிட்டேன்.

"பின்னே? அதுக்குன்னே ஒரு பல்கலைக்கழகம் இருக்கு தம்பி" என்றாங்க. அவங்க சொன்னதையும், நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

சென்னை வேப்பேரியில் 1856-இல் ஆசிரியர்களுக்காக அரசு ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. அதுதான் பின்னால் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி ஆனது. யாருடைய பிறந்தநாளை செப்டம்பர் 5-இல் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோமோ, அந்த டாக்டர் ராதாகிருஷ்ணனும் அங்கே பயிற்சி பெற்றவர்தான். அதுவும் மாநிலக் கல்லூரியில் பாடம் நடத்தும் வேலையில் சேர்ந்த பிறகு! 1922-இல் பெண்களுக்காக லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி வந்தது.

பிறகு ஊர் ஊராக பி.எட். கல்லூரிகள் பெருகின. ஒவ்வொன்றும் அந்தந்தப் பகுதிப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்ததால், பாடத்திட்டம் ஓரிடத்தில் ஒரு மாதிரி, தேர்வு இன்னோரிடத்தில் வேறு மாதிரி. இதை ஒன்றாக்க 2008-இல் சட்டம் இயற்றி, தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தை உருவாக்கினார்கள். அந்த ஆண்டு ஜூலை 1-இல் அது செயல்படத் தொடங்கியது. இப்போது சென்னை காரப்பாக்கத்தில் இருக்கிறது. ஒரு வருஷமாக இருந்த பி.எட். படிப்பு 2015-இல் இரண்டு வருஷம் ஆனது. பள்ளிகளில் போய்ப் பயிற்சி எடுக்கும் காலமும் கூடியது.

"கல்லூரியில நுண்ணிலைக் கற்பித்தல்னு ஒண்ணு உண்டு. தோழிங்களே மாணவர்களா உட்காருவாங்க, நான் ஐந்தாறு நிமிஷம் பாடம் நடத்தணும். அங்கே யாரும் சிரிக்க மாட்டாங்க. நிஜ வகுப்பு இங்கேதான்" என்றாங்க டீச்சர். எனக்குத் தலை குனிந்தது. நான்தான் சிரித்தேன் என்று அப்போதும் சொல்லவில்லை. பயிற்சி முடிந்து அவங்க போயும்விட்டாங்க.

நண்பர்களே, பல்கலைக்கழகம் பாடத்திட்டம் தரும், தேர்வு வைக்கும், பட்டமும் கொடுக்கும். ஆனால் ஒருத்தர் முதன்முதலாக ஆசிரியராக நிற்பது நம்மைப் போன்ற பிள்ளைகள் முன்னால்தான். அந்த முதல் நாளை நான் கெடுத்துவிட்டேன்.

இந்த வருஷமும் பயிற்சி ஆசிரியர்கள் வரப்போகிறார்களாம். யார் கையிலாவது சாக்பீஸ் உடைந்தால், இன்னொன்று எடுத்துக் கொடுக்க நான் முதல் ஆளாக எழுந்திருப்பேன். நீங்களும் சிரிக்காதீர்கள்.

டீச்சர், எங்கே இருந்தாலும் என்னை மன்னித்துவிடுங்கள்.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்