மங்களூர் என்று கேட்டால்

விருத்தாசலத்துக்கு மேற்கே, திட்டக்குடிப் பக்கம், மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் மானாவாரிப் பூமியில் மங்களூர் இருக்கிறது. ஓர் ஊராட்சி ஒன்றியமே அதன் பெயரில்தான். வெளியூரில் பிழைக்கும் அந்த ஊர்க்காரர், ஊரைப் பற்றிப் புதிதாக எது வந்தாலும் மின்னஞ்சலில் தெரிவிக்கும்படி கூகுள் அலர்ட்ஸிடம் சொல்லிவைக்கலாம். 2003-இல் வந்த இந்த வசதியை உருவாக்கியவர் ஆந்திரக் கிராமம் ஒன்றிலிருந்து போன நாகா கட்டாரு. ஆனால் ஊர்க்காரருக்கு வந்து குவிவது கர்நாடகக் கடற்கரை மங்களூரின் துறைமுகமும் விமான நிலையமும்தான். 2014 நவம்பர் 1 முதல் அந்த நகரம் அதிகாரபூர்வமாக ‘மங்களூரு’ ஆகிவிட்டது; தமிழில் எழுதுபவர்கள் அந்தக் கடைசி உகரத்தைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. இந்த வசதி எழுத்துக்கூட்டைத்தான் காவல் காக்கிறது, ஊரை அல்ல.

கேட்கத் தெரியாமல் கேட்டால் அப்படித்தான், வேண்டாத சொல்லுக்கு முன் கழித்தல் குறி போடு என்பார்கள். போடலாம். ஆனால் மக்காச்சோளத்தை அழித்த படைப்புழு இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது 2018-இல், கர்நாடகத்தில். மங்களூர் வட்டாரத்துச் சோளக்காட்டைப் பற்றி எழுதுகிறவர் அதைச் சொல்லாமல் இருப்பது கடினம். ‘கர்நாடகா’வைக் கழித்தால் உழவருக்கு வேண்டிய செய்தியும் சேர்ந்தே போய்விடும். மேற்கோள் குறிக்குள் அடைத்துக் கேட்டால் இன்னொரு சிக்கல். தமிழ்ப் பெயர் வேற்றுமை உருபோடுதான் வாக்கியத்தில் நடமாடுகிறது; ‘மங்களூரில்’, ‘மங்களூருக்கு’, ‘மங்களூரிலிருந்து’ எல்லாம் அந்த வலையில் தவறிப்போகலாம். ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் தனியாக நிற்கும் சொல், தமிழில் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. சரி, பக்கத்துப் பெரிய ஊர்ப் பெயரைக் கொடுப்போம் என்றால், விருத்தாசலத்தைப் பலர் ‘விருதாச்சலம்’ என்று எழுதுகிறார்கள். அந்த ஊரின் பீங்கான் தொழிலைப் பற்றித் தெரிந்துகொள்ள அந்தப் பெயரைக் கொடுத்தவருக்கு, சொ. விருத்தாசலம் என்ற இயற்பெயர் கொண்ட புதுமைப்பித்தனும் வந்து சேர்வார். அவரும் பிறந்தது விருத்தாசலம் இருக்கும் இதே மாவட்டத்துத் திருப்பாதிரிப்புலியூரில்தான் என்பதால், இந்தப் பிழையை மட்டும் மன்னித்துவிடலாம்.

அப்படியானால் வசதியே வீணா? இல்லை. ‘திட்டக்குடி’, ‘மங்களூர் ஒன்றியம்’, ‘வேப்பூர்’ என்று நாலைந்து பெயர்களைத் தனித்தனியாகக் கொடுத்து, நாளுக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று வைத்தால் ஓரளவு பயன் உண்டு. ஆனால் அந்த நாலைந்து பெயர்களைத் தேர்ந்தெடுக்க ஊரை முன்பே அறிந்திருக்க வேண்டும். தவிர, ஒன்றும் வரவில்லை என்றால் ஒன்றும் நடக்கவில்லை என்று கொள்ளக் கூடாது. சந்தையில் சோளம் என்ன விலைக்குப் போனது என்பதையும், பீங்கான் சூளையில் எத்தனை பொம்மை வெடித்தது என்பதையும் இணையத்தில் எழுதிவைக்க ஆள் வேண்டுமே.

எழுதப்பட்டதே கைநழுவும் இடமும் உண்டு. 2001-இல் தொல். திருமாவளவன் வென்று சட்டமன்றத்துக்குப் போனது மங்களூர்த் தொகுதியிலிருந்து. தொகுதி மறுசீரமைப்புக்குப் பின், 2011 தேர்தலில் அந்தப் பெயரில் தொகுதி இல்லை, திட்டக்குடி வந்துவிட்டது. பழைய தொகுதிப் பெயரை மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவருக்கு அந்த ஊரின் அரசியல் 2011-லேயே ஓய்ந்துவிட்டது. ஊரில் வாக்குப்பதிவு என்னவோ ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடந்துகொண்டுதான் இருக்கிறது.