‘நாளைக்கு என்ன?’ - ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய ஒரு தாள்

சமைப்பதுகூடப் பெரிய வேலையில்லை, என்ன சமைப்பது என்று முடிவு செய்வதுதான் பெரிய வேலை. வேலைக்குப் போகும் அம்மாக்களிடம் கேட்டால் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் சொல்வார்கள். ராத்திரி பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அடுப்பு மேடையைத் துடைக்கும்போதே அந்தக் கேள்வி வந்து நின்றுவிடும். ‘நாளைக்கு என்ன?’

மத்திய அரசு 2024-ம் ஆண்டு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் ஒரு விவரம் வந்தது. சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளைக்கு 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். ஏறக்குறைய ஐந்து மணி நேரத்துக்கும் ஒன்றரை மணி நேரத்துக்கும் உள்ள இடைவெளி அது. நறுக்குவது, வதக்குவது, கழுவுவது எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வேலைகள். ரயிலுக்குக் காத்திருக்கும்போது ‘வீட்ல தக்காளி இருக்கா?’ என்று மனசுக்குள்ளேயே ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்பதை எந்தக் கணக்கில் எழுதுவது?

சென்னை சேலையூரில் ஒரு குடும்பம். மனைவிக்கு கிண்டியில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. காலை எட்டே காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, தாம்பரத்தில் மின்சார ரயில் பிடித்தால், திரும்பி வர இரவு ஏழே கால். கணவருக்கு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. ஒரு வாரம் காலை ஷிஃப்ட், அடுத்த வாரம் மதிய ஷிஃப்ட். எட்டாவது படிக்கும் மகள், மூன்றாவது படிக்கும் மகன், சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடும் மாமியார் என மொத்தம் ஐந்து பேர்.

அந்தத் தாய் தினமும் மனசில் போட்டுப் புரட்டும் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். மகனுக்கு லஞ்ச் பிரேக் சின்னது, குழம்பு சாதம் கொடுத்தால் பாதி திரும்பி வரும். மகளுக்கு கத்தரிக்காய் ஆகாது. அத்தைக்கு அரிசி குறைவாகவும் கீரை, பயறு கூடுதலாகவும் இருக்க வேண்டும். செவ்வாய், வெள்ளி அசைவம் இல்லை. கணவருக்கு காலை ஷிஃப்ட் என்றால் விடியும் முன்பே கிளம்பிவிடுவார், மதிய ஷிஃப்ட் என்றால் நள்ளிரவில் வந்து சாப்பிடுவார். இவ்வளவும் தாளில் இல்லை. ஒரே ஒரு தலைக்குள் இருக்கிறது. அந்தத் தலைக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தால் வீடு ஹோட்டல் பார்சலுக்குப் போய்விடும்.

நம் வீடுகளில் ‘மெனு’ என்பது புதுசு ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு, வெள்ளிக்கிழமை சாம்பார், அமாவாசைக்கு வடை பாயசம், புரட்டாசி முழுக்க சைவம் என்று பாதி முடிவுகளை தினசரி காலண்டரே எடுத்துவிடும். சுவரில் தொங்கும் அந்தக் காலண்டரைக் கிழிக்கிற யாருக்கும் அன்றைய சமையல் ஓரளவு தெரிந்திருந்தது. இப்போது கடையில் எல்லாம் எல்லா நாளும் கிடைக்கிறது. செல்போனைத் திறந்தால் ஆயிரம் ரெசிப்பி வீடியோ. முடிவெடுப்பது சுலபமாகியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு.

இந்தக் குடும்பத்திலும் முதலில் வீடியோ பார்த்துத்தான் தொடங்கினார்கள். ஏழு நாள், மூன்று வேளை, மொத்தம் 21 கட்டங்கள். கலர் பேனாவால் மகள் கோடு போட்டாள். திங்கள் காலை ராகி இட்லி, மதியம் பட்டாணி புலாவ், இரவு சப்பாத்தியும் சன்னா மசாலாவும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. புதன்கிழமையே படுத்துவிட்டது. காரணம் ரொம்ப எளிது. கொண்டைக்கடலையை முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும் என்பது அந்த 21 கட்டங்களில் எங்கேயும் இல்லை. சென்னையில் திடீரென்று மழை பெய்து ரயில் தாமதமாகும் என்பதும் இல்லை.

இரண்டாவது முயற்சிக்கு வழி காட்டியது அரசுப் பள்ளிச் சமையலறை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022-ம் ஆண்டு செப்டம்பர் 15-ம் தேதி மதுரையில் தொடங்கியபோது, பட்டியல் கிழமை வாரியாக இருந்தது. திங்கள் உப்புமா, செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல், வியாழன் மறுபடி உப்புமா, வெள்ளி கிச்சடியோடு கேசரி. கவனித்தால் ஒரு சூட்சுமம் தெரியும். திங்கள் உப்புமா என்றால் அது ரவையாகவும் இருக்கலாம், சேமியாவாகவும் இருக்கலாம், அரிசியாகவும் கோதுமை ரவையாகவும் இருக்கலாம். வகைதான் முடிவாகியிருக்கிறது, பொருள் அல்ல. (உப்புமா என்றதும் முகம் சுளிக்கும் பிள்ளைகள் எல்லா வீட்டிலும் உண்டு. அது வேறு கதை!)

அதையே வீட்டுக்கும் கொண்டுவந்தார்கள். மூன்று வேளைக்கும் எழுதுவதை விட்டார்கள். ஒரு நாளுக்கு ஒரு வகை மட்டும். திங்கள் பருப்பு, செவ்வாய் புளிக்குழம்பு, புதன் கலந்த சாதம், வியாழன் பயறு, வெள்ளி சாம்பார். புதன்கிழமை எலுமிச்சையா, தக்காளியா, புதினாவா என்பதை அன்றைக்கு வீட்டில் என்ன இருக்கிறதோ அது சொல்லும். வியாழனுக்கு ஊற வேண்டிய பயறு, புதன் கட்டத்தில் சிவப்புப் பேனாவால் எழுதப்படும். ‘இரவு: தட்டப்பயறு ஊறப்போடு.’ படுக்கப் போகும் முன் யார் கடைசியாகத் தண்ணீர் குடிக்க ஃப்ரிட்ஜைத் திறக்கிறார்களோ, அவர்கள் வேலை அது. பெரும்பாலும் மகள்.

காய்கறிகளுக்கும் ஒரு வரிசை உண்டு. ஞாயிற்றுக்கிழமை வாங்கும் கீரையும் வெண்டைக்காயும் காத்திருக்காது, முதல் இரண்டு நாளில் முடிந்துவிட வேண்டும். பீன்ஸ், கோஸ், கேரட் வாரத்தின் நடுவுக்கு. உருளை, சேனை, நறுக்காத பூசணி எல்லாம் பொறுமைசாலிகள், வெள்ளி வரை தாங்கும். இந்த வரிசை தலைகீழாகிப்போகிற வீடுகளில்தான் வெள்ளிக்கிழமை கீரைக்கட்டு குப்பைக்குப் போகிறது.

மாவுக்கும் அப்படி ஒரு வயது இருக்கிறது. ஞாயிறு அரைத்துப் புளித்த மாவு, திங்கள் காலையில் இட்லி. செவ்வாய், புதன் தோசை. வியாழன் புளிப்பு ஏறியதும் வெங்காயம் தூவி ஊத்தப்பம், இல்லையென்றால் தாளித்துக் கொட்டிக் குழிப்பணியாரம். ஒரே மாவு, பிள்ளைகளுக்கு மட்டும் நாலு பலகாரம். அரைக்க முடியாத வாரம் கடை மாவு. அதில் எந்தக் குற்ற உணர்ச்சியும் வேண்டியதில்லை. தனியாகப் பிள்ளை வளர்க்கும் அம்மாவோ அப்பாவோ என்றால், வேலையைக் கைமாற்ற ஆளே கிடையாது. கடை மாவும், ஞாயிறு காய்ச்சி வைத்த புளிக்காய்ச்சல் பாட்டிலும்தான் அவர்களுக்கு வீட்டில் இருக்கும் இன்னொரு ஆள்.

தாள் ஒட்டியாயிற்று. எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. நிஜமான சண்டை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

தாளை எழுதுவதும் அவர், சமைப்பதும் அவர் என்றால், தலையில் இருந்த பாரம் ஃப்ரிட்ஜ் கதவுக்கு மாறியதே தவிர ஆள் மாறவில்லை. காலைச் சமையலும் டப்பா கட்டுவதும் தன் பொறுப்பு, வார நாட்களில் இரவுச் சாப்பாடு கணவர் பொறுப்பு என்று பிரித்தார் மனைவி. காலை ஷிஃப்ட் வாரத்தில் கணவர் மாலை நாலரைக்கு வீட்டில் இருப்பார். மதிய ஷிஃப்ட் வாரத்தில் பகல் ஒரு மணிக்குக் கிளம்பும் முன் சட்னியோ குழம்போ செய்து வைத்துவிட்டால், வந்தவர்கள் தோசை வார்த்துக்கொள்ளலாம். 1982-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் பிற்காலத்தில் கலவை சாதங்கள் வந்தபோது, ஒன்றாம், மூன்றாம் வாரத்துக்கு ஒரு பட்டியல், இரண்டாம், நான்காம் வாரத்துக்கு வேறு பட்டியல் என்று மாற்றி மாற்றிப் போட்டார்கள். ஷிஃப்டுக்கு ஏற்ப இங்கேயும் அதே மாதிரி இரண்டு தாள்.

மாமியாருக்கு மனசு கேட்கவில்லை. “ஏம்மா, அவன் ராத்திரி பன்னெண்டு மணிக்கு வந்து படுத்தவன். எந்திரிச்சதும் அடுப்படியில நிக்க விடுறியே” என்றார். “அத்தை, நான் அஞ்சு மணிக்கே நிக்கிறேனே” என்றார் மருமகள். அதற்கு மேல் இருவரும் பேசவில்லை. அன்று முழுக்க வீடு கொஞ்சம் அமைதியாகத்தான் இருந்தது.

கணவர் மறுக்கவில்லை. ஆனால் முதல் வாரம் முழுக்க அலுவலகத்துக்கு போன் வந்துகொண்டே இருந்தது. “மல்லித்தூள் எந்த டப்பா?” “பருப்பு எத்தனை டம்ளர்?” “புளி எலுமிச்சை அளவுன்னா, எந்த எலுமிச்சை?” மாதக் கடைசி, கணக்கு முடிக்கிற நேரம். ஒரே நாளில் ஆறாவது அழைப்பு வந்தபோது மனைவி மெதுவான குரலில் சொன்னார். “ஏங்க, கை உங்க கை. யோசனை இன்னும் என் யோசனைதான். இதுக்கு நானே வந்து செஞ்சிடுவேன்.”

பல வீடுகளில் ‘நான்தான் ஹெல்ப் பண்றேனே’ என்று சொல்லும் ஆண்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். வெங்காயம் நறுக்கித் தருவது உதவி. வெங்காயம் தீர்ந்துபோனதைத் தானே கவனித்து வாங்கி வருவது பொறுப்பு. முன்னது இருந்தும் பின்னது இல்லாவிட்டால், மேனேஜர் வேலை அம்மாவிடமே தங்கிவிடுகிறது.

அந்த ஞாயிறு டப்பாக்களுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டினார்கள். ஒரு விதியும் வந்தது. யாருடைய வேளையோ, என்ன என்பதை அவர்களே முடிவு செய்ய வேண்டும், வாங்க வேண்டும், போன் பண்ணக் கூடாது. விதியின் இன்னொரு பாதி மனைவிக்கு. தட்டில் வந்ததைத் திருத்தக் கூடாது.

இரண்டாவது பாதிதான் கஷ்டமாக இருந்தது. போன் வராத முதல் நாள், வீட்டுக்கு வந்து பார்த்தால் பூசணிக்காய் சாம்பார். துவரம்பருப்புக்குப் பதில் பாசிப்பருப்பு, பெருங்காயம் கொஞ்சம் தாராளம். நாக்கு நுனி வரை வந்துவிட்ட வார்த்தையை சாதத்தோடு சேர்த்து முழுங்கினார். மகன் இரண்டாவது கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டான். அடுப்பு மேடை துடைக்கப்படாமல் இருந்தது. அதை மட்டும் சொல்லிவிட்டார். விதி தட்டில் வந்ததற்குத்தானே, மேடைக்கு இல்லையே!

மூன்று மாதமாகிறது. எல்லா வாரமும் தாள்படி நடப்பதில்லை. போன வாரம் இரண்டு நாள் கடைப் பரோட்டா. கணவர் வியாழக்கிழமை பயறு என்ற இடத்தில் முட்டைக் குழம்பு வைத்துவிட்டு, “முட்டையிலயும் புரோட்டீன் இருக்குல்ல” என்றார். மகளுக்கு அதில் ஏக சந்தோஷம். ரயிலில் வரும்போது மனைவி இப்போது பாட்டு கேட்கிறார், சில நாள் நின்றபடியே கண்ணை மூடிக்கொள்கிறார். குரோம்பேட்டை தாண்டியதும் பழக்கத்தில் தக்காளி ஞாபகம் வரத்தான் செய்கிறது.

இந்த ஞாயிறு புதுத் தாள் எழுதும்போது அத்தை பேனாவைக் கேட்டார். சனிக்கிழமை கட்டத்தில் ‘கொள்ளு ரசம்’ என்று எழுதி, பக்கத்தில் ‘நான்’ என்றும் எழுதினார். வெள்ளி இரவே கொள்ளு ஊற வேண்டுமே, அதை எழுதவில்லை. பேத்தி சிவப்புப் பேனாவை எடுத்து வெள்ளிக் கட்டத்தில் எழுதி வைத்தாள்.